வாளியில் வந்த சிப்பிகள்

"என் ஆராய்ச்சியில ஒரு தப்பு இருந்தா, அதை ஊருக்கு முதல்ல சொல்ற ஆள் நானாத்தான் இருப்பேன். என்னை முந்திக்கிட்டு வேற யாராவது சொல்லிட்டா, அன்னைக்கே இந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிடறேன்."

கடல் ஆய்வு நிலையத்தின் கூட்ட அறையில், தமக்கு எடுக்கப்பட்ட பாராட்டு விழாவில், ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் மைக்குமாக அவர் இப்படி முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதில் பாதி கொள்கைக்கு. மீதி, பேச்சு ஒருவழியாக முடிந்ததற்கு.

வெறும் வாய்ச்சவடால் என்று யாரும் நினைக்கவில்லை. நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் கிடையாது. திருத்தம் மேடம் என்றால்தான் தெரியும். கணக்குப் பிரிவு எழுத்தர் தம் மகளின் திருமண அழைப்பிதழைக் கொடுத்தபோது, மண்டபத்துக்கு வழிகாட்டும் படத்தில் வடக்குத் திசை தவறு என்று சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தவர் அவர். திருமணத்துக்கும் போனார், சரியான திசையிலிருந்து. வெளிநாட்டு ஆய்விதழ்களில் யாராவது வரைபடத்தை நீட்டியோ சுருக்கியோ போட்டிருந்தால், அடுத்த தபாலிலேயே இவருடைய கண்டனம் போய்ச் சேரும். அப்படி ஒன்றைப் படித்துவிட்டுத்தான் எங்கோ ஒரு முதுபெரும் பேராசிரியர் ஓய்வு பெற்றார் என்று நிலையத்தில் ஒரு வதந்தி உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. ஆண்டு தவறு என்று மட்டும் சொன்னார்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. அப்பா, மீன் இறங்குதுறைக்கு ஐஸ் ஏற்றிப் போகும் லாரியை ஓட்டியவர். பிள்ளைகள் இருவர். அக்காவுக்குப் படிப்பு வந்தது. தம்பிக்கு நீச்சல் வந்தது. பள்ளியில் ஆசிரியர் கூட்டலில் சறுக்கி அவருக்கு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட, எழுந்து நின்று அதைத் திருப்பிக் கொடுத்த ஒரே பிள்ளை அவர்தான். வகுப்பே அவரை வெறுத்தது. தம்பி மட்டும் தெருத்தெருவாகப் போய்ப் பெருமை பேசினான். அந்தப் பெருமையை அவன் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. படிப்பை விட்டு, படகில் கூலிக்குப் போய், கடைசியில் குடாவில் மிதவை கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கத் தொடங்கிய பிறகும், கரையில் எந்தத் தகராறு வந்தாலும் அவனிடம் ஒரே மருந்துதான்: "இருங்க, எங்கக்காவைக் கேட்டுச் சொல்றேன்."

சிப்பி என்றதும் முத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பாறையிலும் கயிற்றிலும் நாரால் தன்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு கறுப்பு ஓடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும் பிராணி. எங்கும் போக வேண்டிய வேலை அதற்கு இல்லை. ஓட்டைத் திறந்து தண்ணீரை இழுக்கும். அதிலேயே சாப்பாடு, அதிலேயே மூச்சு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் ஓடிவிடும், நண்டு நகர்ந்துவிடும். சிப்பி ஓட்டைச் சாத்திக்கொள்ளும். மின்வெட்டில் இன்வெர்ட்டரை நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பம்போல, மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு விளக்கை எரியவிட்டுக் காலம் தள்ளும். மின்சாரம் திரும்பினால் பிழைக்கும். இல்லாவிட்டால் ஓடு தானாகவே திறக்கும். அப்புறம் சாத்த ஆள் இருக்காது.

எதை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்பதற்கு அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் உத்தரவுகள் உண்டு. மரபணு என்பது பூட்டிய அலமாரியில் இருக்கும் மூலப் பிரதி. காரியம் நடக்க வேண்டுமென்றால் அதிலிருந்து நகல் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிப்பிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வித்தியாசம் இல்லை. மூச்சு முட்டும்போது சில மரபணுக்களின் நகல்கள் வந்து குவியும். ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைக் கரைத்து ஒப்பேற்றச் சொல்பவை சில. நொறுங்கப் போகும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கச் சொல்பவை சில. இந்த நகல்களை அளந்தால், சிப்பி திணறியதா சுகமாக இருந்ததா என்று தெரிந்துவிடும். அதை அளப்பதுதான் திருத்தம் மேடத்தின் தொழில்.

தொழிலில் ஒரு சிக்கல். அந்த நகல்கள் நிற்பதில்லை. பழையது அழியும், கை பட்டாலும் வெயில் பட்டாலும் சிப்பி புதிதாக எடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே தண்ணீரிலிருந்து எடுத்த இடத்திலேயே ஓட்டைப் பிளந்து, செவுளில் ஒரு துண்டை நறுக்கி, பாதுகாக்கும் திரவத்தில் போட்டுவிட வேண்டும். 'அறுப்பது கரையிலேயே' என்று ஆய்வகச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்தவர் மேடமேதான். அதை மீறிய ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒரு பருவத்து வேலை முழுவதையும் குப்பையில் கொட்டிவிட்டு, அழுதுகொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேடம் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார். சலுகை கொடுக்கவில்லை.

குடாவின் கரையில் ஒரு மீன்தூள் ஆலை இருந்தது. அதன் கழிவுக் குழாய் குடாவுக்குள் இறங்கியது. காற்றில்லாத வெயில் மாதங்களில் மிதவைக்காரர்களின் சிப்பிகள் கயிறு கயிறாக வாய் பிளந்து செத்தன. குழாய்தான் காரணம் என்றார்கள் மிதவைக்காரர்கள். பேராசையில் கயிறுகளை நெருக்கிக் கட்டுகிறார்கள், அதுதான் காரணம் என்றது ஆலை. அதிகாரிகள் மீட்டரோடு வந்து அளந்தார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் திருப்தியாக இருந்தது. இருக்காதா பின்னே? வெளிச்சம் இருக்கும்வரை பாசி ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகு அந்தப் பாசியும் அழுகும் கழிவும் சேர்ந்து அதைத் தின்று தீர்க்கும். கடலுக்கு மூச்சு முட்டுவது விடிவதற்கு முன். அதிகாரிகள் வருவது காலைச் சிற்றுண்டிக்குப் பின். இரு தரப்பும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

கடைசியில் அமர்த்தப்பட்ட விசாரணைக் குழு, சிப்பியையே சாட்சிக்கு அழைப்பது என்று முடிவு செய்தது. குடாவில் சில சிப்பிகள், குழாய் எதுவும் இல்லாத தூரத்துச் சுத்தமான கரையில் சில சிப்பிகள். இரண்டின் மரபணு நகல்களையும் ஒப்பிட வேண்டும். குடாச் சிப்பி மட்டும் திணறியிருந்தால் ஆலை குழாயை அகற்றியாக வேண்டும். இல்லையென்றால் ஆலைக்கு அனுமதி நீளும். அளக்கும் பொறுப்பு திருத்தம் மேடத்துக்கு. செய்தி கேட்ட அன்று தம்பி கரையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஜெயித்தாகிவிட்டது என்று அவன் கணக்கு. "உங்கக்கா நமக்காகப் பொய் சொல்லாதுடா," என்று ஒருவர் எச்சரித்தார். "அதனாலதான்யா டீ," என்றான் தம்பி.

குடாச் சிப்பிகளை எடுத்த விதத்தில் குற்றம் சொல்ல முடியாது. விடிவதற்கு முன் தம்பியின் படகிலேயே போய், படகிலேயே அறுத்து, துண்டுகளைத் திரவத்தில் போட்டுக் கொண்டுவந்தார். தம்பி துடுப்பைக்கூட அக்கா சொன்ன பக்கம்தான் போட்டான்.

சுத்தமான கரைக்குப் போன நாளில்தான் பாராட்டு விழா வந்து தொலைத்தது. அதற்கு முந்தைய ஆராய்ச்சி ஒன்றுக்கு ஏதோ ஒரு பரிசு கிடைத்திருந்தது. விழா நாயகி இல்லாமல் விழா நடத்தலாம் என்று இயக்குநருக்கு ஆசை இருந்திருக்கலாம். ஆனால் மரபு இல்லை. கரையில் உட்கார்ந்து அறுத்தால் நேரமாகிவிடும். சிப்பிதானே, தண்ணீருக்கு வெளியே ஒரு நாள் இரண்டு நாள்கூடத் தாங்கும், உயிரோடு வாளியில் போட்டு எடுத்துப் போய் ஆய்வகத்தில் அறுத்துக்கொள்ளலாம் என்று மேடம் முடிவு செய்தார். சுவரில் ஒட்டிய விதி மாணவிகளுக்கு. எழுதியவருக்கும் அது பொருந்தும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

சிப்பிகள் தாங்கத்தான் செய்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அறுத்தார், அளந்தார், வரைபடம் போட்டார். குடாச் சிப்பியில் திணறலின் அடையாளம் ஏகத்துக்கு இருந்தது. சுத்தமான கரைச் சிப்பியிலும் அதே அளவு இருந்தது. இரண்டு கோடும் ஒரே உயரம். ஆக, இது திணறலே அல்ல, இந்தப் பக்கத்துச் சிப்பிகளின் சாதாரண இயல்பு. குடாச் சிப்பிக்கென்று தனியாக ஒரு கஷ்டமும் இல்லை என்று முடிவு கட்டினார். இது புதிய முடிவு; இதுவரை யாரும் சொல்லாதது. வெளிநாட்டு இதழ் ஒன்று அதை ஆவலோடு வெளியிட்டது. சொந்தத் தம்பிக்கு எதிராகவே அக்காவின் ஆராய்ச்சி வந்துவிட்டதைப் பார்த்து, அவருடைய நேர்மையைப் பற்றி இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் ஊரில் எல்லாருக்கும் தீர்ந்துபோயிற்று.

விசாரணைக் குழுவின் கடைசி அமர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, நிலையத்தைப் பார்வையிடக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் வந்தார்கள். மூச்சு முட்டிய சிப்பியின் மரபணு எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டார் மேடம். காற்று குமிழியிடும் தொட்டியில் சுகமாக இருந்த சிப்பிகளை எடுத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாத வாளியில் போட்டு மூடி, வெயிலில் வைத்து, பிறகு அறுத்து அளந்தார். கணினியில் வரைபடம் வந்தது. பழைய கோப்பைத் தவறித் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடினார். திரும்பத் திறந்தார். கோப்பு மாறவில்லை. சுத்தமான கரைச் சிப்பியின் வரைபடம் எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே இருந்தது இதுவும்.

ஆசிரியர்களுக்குக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று. மேடம் ஓட்டுநரைத் தேடிக்கொண்டு ஜீப் கொட்டகைக்குப் போனார்.

அன்றைக்கு வாளி எப்படி வந்தது என்று கேட்டார். ஓட்டுநர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பத்திரமாகத்தான் வந்தது என்றார். தண்ணீர் இருந்ததா என்று கேட்டார் மேடம்.

"கரையிலேயே கொட்டிட்டேனே மேடம். புது சீட்டு நனையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"மூடி?"

"நாத்தம் வருதுன்னு அழுத்தி மூடினேன். ரயில்வே கேட்ல வேற மாட்டிக்கிட்டோம், ஞாபகம் இல்லையா? நீங்க பேச வேண்டியதைச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"வந்ததும் ஆய்வகத்துல குடுத்தீங்கல்ல?"

"ஆய்வகம் பூட்டிக்கிடந்துதே மேடம். எல்லாரும் விழாவுல. வாளியைக் கூட்ட அறைக் கதவு கிட்டயே, வெயில்ல வெச்சிருந்தேன். நீங்க பேசினது எனக்கு வெளியவே நல்லாக் கேட்டுது. நல்லாப் பேசினீங்க."

ஆக, நேர்மையைப் பற்றிய அந்த உரையை முழுமையாகக் கேட்டவர்களில், கதவுக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒரு வாளிச் சிப்பிகளும் அடக்கம். அவை பொய் சொல்லவில்லை. எங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒவ்வோர் உயிரணுவிலும் எழுதிக் கொடுத்தன. வாளியைப் பற்றிச் சொன்னதை மேடம் கடலைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். சுத்தமான கரைச் சிப்பி அங்கே சுகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் குடாச் சிப்பி ஒன்றுதான் கடலிலேயே திணறியது. குழாயை அகற்றுவதற்குக் குழு கேட்ட சாட்சி அதுதான்.

நேராக இயக்குநரிடம் போனார். இது உண்மை. அவருக்குச் சாதகமானதையும் எழுதியாக வேண்டும். போகும்போது திருத்தத்தை உலகுக்கு அறிவிப்பது என்ற முடிவோடுதான் போனார். இயக்குநர் ஓய்வு பெறப் போகிறவர். அந்த நாற்காலிக்கு மேடத்தின் பெயர் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போயிருந்தது. இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"தப்புன்னு ஏன் சொல்றீங்க? வரம்புன்னு சொல்லுங்க. எல்லா ஆராய்ச்சிக்கும் வரம்பு உண்டு. அடுத்த பருவத்துல கரைக்குப் போயி, திரும்ப எடுங்க. அப்ப ஒரு குறிப்புப் போட்டுக்கலாம். இப்பப் போய்ச் சொன்னா, தம்பிக்காக அக்கா பல்டி அடிச்சிட்டான்னுதான் பேசுவாங்க. உங்க நேர்மைக்கே களங்கம்மா அது."

நேர்மையைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற இந்த வழி மேடத்துக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவர் எழுந்து வந்தார். இயக்குநர் பின்னாலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்தால் தம்பிக்கு இன்னும் எவ்வளவோ செய்யலாம் என்றும் சொல்லிவைத்தார்.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனார். அவனிடமாவது சொல்லிவிடலாம் என்பது எண்ணம். வீட்டு முன்னறையில் பாதியை அறுந்த கயிற்றுக் குவியல் அடைத்திருந்தது. தம்பியும் அவன் மனைவியும் தரையில் உட்கார்ந்து, செத்த சிப்பிகளின் நாரைக் கயிற்றிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அறையெங்கும் அழுகல் வாடை. நிலத்தை அடகு வைத்து வாங்கிய கயிறு. இன்னொரு பருவம் இப்படிப் போனால் மிதவையை விற்றுவிட்டுத் தம்பி அந்த ஆலையிலேயே வேலைக்குப் போக வேண்டியதுதான். அதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். மேடம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். சொல்லியிருப்பார். அதற்குள் தம்பி மனைவி, சுரண்டுவதை நிறுத்தாமலே, வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணி, உங்க சிப்பியெல்லாம் படிச்ச சிப்பி போல. கஷ்டமே இல்லைன்னு எழுதிக் குடுத்துடுச்சு. எங்க சிப்பி படிக்கலை. செத்துப்போச்சு."

தம்பி அவளை அதட்டினான். ஆனால் மேடத்துக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. படிப்பைப் பழித்தால் அவர் பொறுக்கமாட்டார். சிப்பி சாவது வேறு, மரபணு காட்டுவது வேறு, ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யக் கூடாது என்று ஆரம்பித்து, அலமாரி, மூலப் பிரதி, நகல் என்று அரை மணி நேரம் விளக்கினார். எல்லாமே சரியான விளக்கம். ஓர் இடத்தில்கூடப் பிசகில்லை. முடிக்கும்போது தம்பி பெருமையோடு மனைவியைப் பார்த்தான். அவள் அண்ணியின் காலடியில் கிடந்த கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே மேடம் வீடு திரும்பினார்.

கடைசி அமர்வு, ஆலை கட்டிக்கொடுத்த சமூகக் கூடத்தில் நடந்தது. மின்விசிறி, தண்ணீர், பிஸ்கட் எல்லாம் ஆலையின் உபயம். ஆலையின் வழக்கறிஞர் மேடத்தின் கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் படித்து, இவ்வளவு பெரிய மேதை இந்த ஊருக்குக் கிடைத்தது பாக்கியம் என்று தழுதழுத்தார். கட்டுரையை அவர் ஒருவராவது முழுதாகப் படித்திருந்தது மேடத்துக்கு மகிழ்ச்சி அளித்திருக்க வேண்டும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிதவைக்காரர்கள் சார்பில் தம்பி எழுந்தான். தோய்த்து மடித்த சட்டை. கையில் காகிதம் எதுவும் இல்லை.

"ஐயா, எனக்கு இந்தப் படம், கோடு எதுவும் புரியாது. ஆனா எங்கக்காவை எனக்குத் தெரியும். தப்பைப் பாத்தா பெத்த அப்பாவையே விடாது அது. அதனால வக்கீல் படிச்சதை நான் நம்ப வேண்டியதில்ல. அக்காவே சொல்லட்டும். அக்கா, அதுல ஏதாச்சும் தப்பு இருக்கா? இல்லைன்னு நீ சொல்லிட்டா, நான் உக்காந்துடறேன்."

மைக்கைக் கொண்டுவந்து மேடத்தின் முன் வைத்தார்கள். குழுத் தலைவர், அவசரமில்லை என்றார். முன்வரிசையில் இருந்த இயக்குநர் தம் கைக்கடிகாரத்தின் பட்டையைக் கழற்றி மாட்டினார். ஓட்டுநர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. புது சீட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடும் ஆபத்து இல்லை.

"எந்த ஆராய்ச்சிக்கும் சில வரம்புகள் உண்டு," என்றார் மேடம். "அதுக்கு உட்பட்டு, முடிவுல மாத்தம் இல்ல."

தம்பி நெற்றியைச் சுருக்கினான். "புரியலக்கா. இருக்கா, இல்லையா?"

"இல்ல."

தம்பி உட்கார்ந்தான். சொன்னபடி செய்கிற குடும்பம் அது. அதாவது, அவன் வரைக்கும். மிதவைக்காரர்களில் இரண்டொருவர் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தபோது, அக்கா சொல்லிட்டாங்கல்ல, விடுங்க என்று அவர்களையும் அவனே கையைப் பிடித்து உட்காரவைத்தான். ஆலைக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டது. குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். பிஸ்கட் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

வெளியே ஜீப்புக்காக மேடம் காத்திருந்தபோது, தம்பி தேடிக்கொண்டு வந்தான். அவன் மனைவி மட்டும் தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் வரவில்லை. தம்பியின் முகத்தில் கோபம் எதையும் காணோம். ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தவனைப்போல இருந்தான்.

"அப்ப தப்பு என் பக்கம்தான்க்கா. நெருக்கித்தான் கட்டிட்டேன் போல. இவ்வளவு நாள் அவங்களைப் போய்த் திட்டிக்கிட்டிருந்தேன் பாரு. கயித்துக்குக் கயிறு எவ்வளவு இடைவெளி விடணும், நீயே சொல்லு."

மேடம் கைப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் நீட்டி இடைவெளியைக் காட்டினார். நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்துக் கட்ட வேண்டும் என்றார். எந்த மாதத்தில் குஞ்சுச் சிப்பியை ஏற்ற வேண்டும், எவ்வளவு ஆழத்தில் தொங்கவிட வேண்டும் என்றும் விளக்கினார். தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு அவனும் தன் கைகளை நீட்டி, அக்கா காட்டிய அளவு சரிதானா என்று வைத்துப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டு," என்றார் அக்கா.